தேடியும் கிடைக்காத சித்தி

வியாழன், இரவு.

இன்று பல்கலைக்கழகத்தில் என் கடைசி வருட ஆய்வை எல்லார் முன்னாலும் சமர்ப்பித்தேன். பஞ்சக் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடுதான் தலைப்பு. அம்மா ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போகாமல் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சிங்களத்தில்தான் பேசினேன். அம்மாவுக்கு அது நன்றாகவே புரியும்.

அம்மா எப்போதோ சொன்னதையும் பெயர் போடாமல் சேர்த்திருந்தேன். சோற்றுக்கு வழியில்லாமல் அவர் தங்கச்சியை நாலு வயதில் சிங்களக் கிராமத்து வீடொன்றில் வளர்க்க விட்டார்கள். பிறகு தேடியும் பிள்ளை கிடைக்கவில்லை என்று முடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். விரிவுரையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது இரத்தினபுரி பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னார்.

"நாங்க தேடவே இல்லம்மா. நான்தான் உன்கிட்ட அப்படிச் சொல்லி வச்சேன். அவ எம்பிலிப்பிட்டியவுல இருக்கா. என் கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவ போய்ப் பாத்தேன். என்னைய அடையாளம் தெரியாம, யாருன்னு சிங்களத்துல கேட்டா."

"நீங்க சொல்லலையா?"

"தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

"ஏம்மா?"

"சொன்னா, ஏன் என்னைய வந்து கூட்டிட்டுப் போகலன்னு கேப்பாளே."

திங்கட்கிழமை திருத்திய பிரதியைக் கொடுக்க வேண்டும். உண்மையை எழுதலாமா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"உனக்கு மார்க்கு கிடைக்கும்னா எழுதிக்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இன்னும் தூங்கவில்லை. மூச்சு விடுவதிலேயே எனக்குத் தெரிகிறது.