பெட்ஸி ரூத் என்ற கரடி

அக்டோபர் 21

காலையிலிருந்து போன் ஓயவில்லை. மாவு டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தேன். உள்ளேயும் அதிர்ந்துகொண்டே இருந்தது. கெட்டில் வீடியோவை மூன்று நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். எங்கள் துறைமுகத்தில் மொத்தமே நானூறு பேர்தான்.

இத்தனைக்கும் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. நான் கொக்கி ஊசியால் குரோஷே பின்னிய கம்பளிக் கரடி பொம்மை. அதன் கண்ணில் நூலைக் கட்டி, தண்ணீர் நிரப்பிய கெட்டிலைத் தொங்கவிட்டேன். கண் அசையவில்லை. "என் கரடியோட கண்ணு பிச்சுக்கிட்டு வராது. ஏன்னா என்னோட ரெண்டு கையத் தவிர வேற கை இதுல பட்டதில்ல" என்றேன். நான்கு வருடமாக எல்லா வீடியோவின் கடைசியிலும் சொல்கிற வரிதான். இத்தனை நாள் அதைக் கேட்டவர்கள் முப்பது பேர், அதில் பாதி என் சித்தி மகள்கள்.

என் கணவன் வெண்டல் டீ போட வந்து அடுப்படியில் நின்றான். "கெட்டில் நட்சத்திரமாயிருச்சு. இனிமே டீ வேணும்னா அதுகிட்ட கால்ஷீட் வாங்கணும் போல."

சிரித்தேன். நன்றாக இருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக யாரோ என்னைக் கவனிக்கிறார்கள்.

அக்டோபர் 29

ஆர்டர்கள் கொட்டுகின்றன. தபால் கவுண்டர் கிளெனிஸ், பொட்டலங்களைப் பார்த்துவிட்டு, "லோர்னா, ஊர்ல இருக்கிற கரடியெல்லாம் தீர்ந்துட்டா காட்டுல இருந்து பிடிச்சு அனுப்புவியா?" என்றாள். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

ஒவ்வொரு கரடிக்கும் ஒரு பெயர் வைத்து, அட்டையில் என் கையெழுத்தில் எழுதிக் கழுத்தில் கட்டுகிறேன். ஒரு பெயர் இரண்டாம் தடவை வராது. மக்களுக்கு அதுதான் பிடிக்கிறது. சில பேர் கரடியை விட்டுவிட்டுப் பெயரைப் பற்றித்தான் கமெண்ட் எழுதுகிறார்கள்.

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தேன்.

நவம்பர் 4

இன்று ஒன்று செய்துவிட்டேன். எழுதலாமா என்று யோசித்து, இது என் நோட்டுதானே என்று எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்குள் எல்லாவற்றையும் முடிக்க என் ஒரு ஜோடிக் கை போதாது. வெண்டல், கடலில் இறால் பிடிக்கும் சீசன் தொடங்கும்வரை சும்மாதான் இருக்கிறான். வாசலில் இருநூறு பொறிக்கூண்டு அடுக்கிவிட்டு, உள்ளே மாட்டும் வலையைப் பின்னிக்கொண்டே ஹாக்கி பார்ப்பான். சிங்கி இறால் பிடிக்கிறவன் கை அது. முடிச்சு போடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவனேதான் கேட்டான். "நீ தலையைப் பின்னு. கண்ணு வைக்கிறது, பஞ்சு அடைக்கிறது நான் பாத்துக்கறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

கண் வைப்பது எளிது. பின்னலுக்குள் கண்ணின் தண்டை நுழைத்து, உள்பக்கத்திலிருந்து ஒரு சின்ன வாஷரை, நடுவில் ஓட்டையுள்ள வில்லை, அழுத்தி ஏற்ற வேண்டும். ஒரு வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இடைவெளியில், இரண்டே நிமிடத்தில் காட்டிக்கொடுத்தேன். டக்கென்று சத்தம் வந்தால் ஏறிவிட்டது என்று அர்த்தம். "சரி சரி, போ" என்றான்.

ஒரே நிபந்தனை போட்டான். அவன் கண் வைத்த கரடிக்கு அவன்தான் பெயர் வைப்பான். எல்லாம் துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகுகளின் பெயர். மிஸ் டோரீன். எலா மே. பெட்ஸி ரூத். ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தான். நான் அட்டையில் எழுதினேன். என் கையெழுத்தில்தான்.

நவம்பர் 9

இன்றைய வீடியோவில் ஒருவர் கேட்டிருக்கிறார்: பின்னால் இருமுவது யார்?

நாய் என்று பதில் போட்டேன். எங்களிடம் நாய் கிடையாது.

இனி நான் படமெடுக்கும்போது வெண்டல் மாடிக்குப் போய்விட வேண்டும். பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "சொந்த வீட்டுலயே திருடன் மாதிரி ஆயிட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறினான். கோபம் இல்லை. எனக்குத்தான் எரிச்சல். எரிச்சல் அவன் மேல் இல்லை, அது தெரிகிறது.

நவம்பர் 17

வீடியோவின் கடைசியில் அந்த வரியை இன்றும் சொன்னேன். ஒரு தரம் நாக்கு குழறி, மறுபடி எடுத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

சீசன் தொடங்கிய நாள். விடிவதற்குள் ஊரே படகுத்துறையில். வெண்டலும் படகேறினான். படகுகள் கூண்டை மலைபோல் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் தாழ்ந்து போயின. பெட்ஸி ரூத்தும் போயிற்று. நிஜ பெட்ஸி ரூத். அதைப் பார்த்ததும், அந்தப் பெயருள்ள கரடி இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ என்று நினைத்தேன். கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டேன். காற்று அப்படி.

வெண்டல் வைத்த கண்ணோடு மொத்தம் நாற்பத்து மூன்று கரடி. நாற்பத்தொன்று தபாலில் போய்விட்டன. இரண்டு மிச்சம்.

நவம்பர் 30

 முதலில் நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு லைவ் என்று ஒரு வாரமாக விளம்பரம் செய்திருந்தேன். கெட்டில் சோதனையை எல்லோர் கண் முன்னாலும் நேரடியாகச் செய்கிறேன் என்று. இரண்டரைக்கு ஒத்திகை பார்த்தேன். அலமாரியில் மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை எடுத்து, நூலைக் கட்டி, கெட்டிலைத் தூக்கினேன்.

கண் வந்துவிட்டது. கெட்டிலில் தண்ணீர்கூட நிரப்பவில்லை. கண் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்து ஒரு சுற்று சுற்றி நின்றது. சுண்டல் கடலை அளவு.

இன்னொரு கரடியை எடுத்து விரலாலேயே இழுத்தேன். அதுவும் வந்தது.

இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். வாஷருக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. திருப்பிப் போட்டாலும் ஏறும், டக்கென்று சத்தமும் வரும், ஆனால் அதன் உள்பல் தண்டைப் பிடிக்காது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சத்தம் வந்தால் போதும் என்றுதான் சொன்னேன்.

அப்போது மணி இரண்டு ஐம்பது.

லைவ் செய்தேன். பழைய வீடியோவில் வந்த, நானே கண் வைத்த கரடியை எடுத்து, அதில் கெட்டிலைத் தொங்கவிட்டேன். கண் அசையவில்லை. நானூறு பேர் இதயம் அனுப்பினார்கள். கடைசி வரியையும் சொன்னேன். ஏன் சொன்னேன்? யார் கேட்டார்கள்?

டிசம்பர் 1

எல்லாமே தளர்வாக இருக்க வேண்டும் என்றில்லை. சிலதைச் சரியாகவும் போட்டிருப்பான்.

என் ஆன்லைன் கடைப் பக்கத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது: மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். ஆனால் கைக்குழந்தை என் கரடியைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் படங்களை எல்லாம் பகிர்ந்தவள் யார்? நான்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே நன்றி, நன்றி என்று எழுதியவளும் நான்தான்.

கிறிஸ்துமஸ் முடியட்டும். அப்புறம் சொல்லலாம்.

டிசம்பர் 4

காற்று பலமாக இருந்ததால் படகுகள் திரும்பிவிட்டன. வெண்டலுக்கு மீன் சூப்பைச் சுடவைத்துக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு கண்ணையும் மேஜை மேல் வைத்தேன். அவன் அவற்றை விரலால் உருட்டினான்.

"திருப்பிப் போட்டிருக்கேனா? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான இருந்துச்சு."

"உன்மேல தப்பில்ல. நான் சொல்லித் தரல."

"தப்பு யார்துன்னு நான் கேக்கல, லோர்னா. வாங்கினவங்க எல்லாருக்கும் சொல்லிட்டியா?"

நான் மேஜையைத் துடைத்தேன். சூப்பைத் தள்ளி வைத்தான்.

"சொல்லலியா? எத்தன நாளா தெரியும்?"

"சொன்னா என்னன்னு சொல்றது? என் கை மட்டும்தான்னு ஊருக்கெல்லாம் சத்தியம் பண்ணிருக்கேன். எவனோ சோபாவுல உக்காந்து ஹாக்கி பாத்துக்கிட்டே மாட்டினான்னு சொல்லவா?"

"எவனோ" என்றான்.  கண் இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "கூண்டுல ஒரு முடிச்சு நழுவுனா இறால் ஓடிரும். அதோட போச்சு. இது கொழந்தை வாய்க்குள்ள போறது. அதுவும் என் கையால" என்றான். குளிருக்கான கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் காலிக் கூண்டுகளை அடுக்கினான். ஏற்கெனவே அடுக்கியிருந்ததைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினான்.

டிசம்பர் 9

சஸ்காட்சுவன் மாகாணத்திலிருந்து பிரியெல் என்ற பெண் என்னைக் குறிப்பிட்டு ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். எட்டு மாதக் குழந்தை, பெயர் ஓட்டிஸ். கையில் மிஸ் டோரீன். குழந்தை கரடியின் முகத்தை வாய்க்குள் வைத்துச் சப்புகிறது. 'இதை இவனிடமிருந்து பிடுங்கவே முடியவில்லை' என்று எழுதியிருக்கிறாள். பதினோராயிரம் பேருக்குப் பிடித்திருக்கிறது. என் கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

ஒன்பது தடவை பார்த்தேன். ஐந்தாவது நொடியில் இடது கண் சற்றுத் தொங்குகிறது. தொங்குகிறதா, வெளிச்சமா?

செய்தி அனுப்பினேன்: கரடியை உடனே குழந்தையிடமிருந்து வாங்கிவிடுங்கள். போன் எண் கேட்டேன். பதில் இல்லை.

டிசம்பர் 10

பதில் இல்லை. அதே வீடியோ, அதே கமெண்ட்டுகள். அவளுக்கு ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், என்னுடையது அதில் எங்கே கிடக்கிறதோ. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். பத்து நாள். பத்து நாள் வாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே. வீடியோவுல பேசுறதுக்கு மட்டும் வாய் இருந்துச்சு.

பிற்பகலில் வெண்டலை மேஜையில் என் பக்கத்தில் உட்காரவைத்துப் படமெடுத்தேன். வெளிச்சத்தைக்கூடச் சரிசெய்யவில்லை. படகுப் பெயருள்ள எல்லாக் கரடிகளின் கண்ணையும் வைத்தது இவர், நான் இல்லை, நான் பொய் சொன்னேன், கண் கழன்று வரும், இன்றே குழந்தையிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். நாற்பத்தொரு பெயரையும் வாசித்தேன். வெண்டல் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்கு இருமுனதும் நான்தான்" என்றான்.

டிசம்பர் 11

காலை ஏழு மணிக்கு பிரியெல் எழுதினாள். யாரோ என் வீடியோவை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தாளாம். கரடிக்கு ஒரு கண்தான் இருந்தது. இன்னொன்று ஓட்டிஸின் மூடிய கைக்குள் இருந்தது. விரல் விரலாகப் பிரித்து எடுத்தாளாம்.

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: 'இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?'

உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.

டிசம்பர் 19

திட்டுகிறார்கள். திட்டட்டும். கெட்டிலை வைத்து ஊரை ஏமாற்றியவள் என்கிறார்கள், அது சரிதானே. பழைய வீடியோவைவிட இது அதிகமாகப் பரவியிருக்கிறது. கடையை மூடிவிட்டேன். ஆனால் பரவியதால்தான் ஆட்கள் கிடைக்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டு அடித்துக்கொண்டு வருகிறேன். கண்ணைப் பிடுங்கிய கரடியின் படத்தை அனுப்பினால்தான் அடிப்பேன். இன்றோடு முப்பத்து மூன்று.

கிளெனிஸ் கவுண்டரில் எதுவும் கேட்கவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜனவரி 6

நாற்பது. பாக்கி ஒன்றுதான்.

பெட்ஸி ரூத்தை வாங்கியது மொங்க்டன் ஊரில் ஒரு வயதான பெண்மணி. இன்று போனில் பிடித்தேன்.

"பேத்திக்குத்தான் வாங்கினேன் கண்ணு. ஆனா அவளுக்குக் கம்பளி ஒத்துக்கல, உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. கடை வாசல்ல ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு பெட்டி வெச்சிருந்தாங்க இல்ல, அதுல போட்டுட்டேன். நல்ல காரியம்தான?"

நல்ல காரியம்தான் என்றேன்.

பெட்டி வைத்தவர்களிடம் பேசினேன். நான்கு ஊருக்குப் பிரித்துக் கொடுத்தார்களாம், எது யாருக்குப் போனது என்று குறித்துவைப்பதில்லையாம். வாங்கிக்கொள்கிறவர்களிடம் பெயர் கேட்டால் அவமானமாக இருக்கும் என்று கேட்பதில்லையாம். எவ்வளவு நல்ல மனிதர்கள்.

ஜனவரி 18

பெட்ஸி ரூத்தை வாங்கிக்கொண்டவர்கள் வீட்டில் என் வீடியோ பார்க்கிற போன் இருக்குமா?

பிப்ரவரி 15

கடல் உறைகிற குளிர். வெண்டல் படகிலிருந்து வந்து, கையைக் கழுவுவதற்கு முன்பே, "இன்னைக்கு ஏதாவது?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் தினமும் கேட்கிறான், நான் தினமும் இல்லை என்கிறேன். கெட்டிலில் டீ போட்டுக் குடித்தோம்.

பெட்ஸி ரூத்தின் படத்தை இன்றும் போட்டேன். பழுப்பு உடம்பு, பச்சைக் கழுத்துத்துணி, கொஞ்சம் சாய்ந்த காது. மொங்க்டன் சுற்று வட்டாரத்துச் செய்தித்தாள், தேவாலயம், மருத்துவமனை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள், படத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழ வேண்டும், முதல் வரி எத்தனை சொல்லில் இருக்க வேண்டும் என்று நான்கு வருடமாகக் கற்றுக்கொண்ட எல்லாம் இந்த ஒரு கரடிக்குத்தான் இப்போது. நேற்றைய படத்தை எழுபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன்: இந்தக் கரடி உங்கள் வீட்டில் இருந்தால் குழந்தையிடமிருந்து உடனே எடுத்துவிடுங்கள்.

சற்றுமுன் ஒரு கமெண்ட் வந்தது. ஓடிப்போய்த் திறந்தேன்.

'அய்யோ, என்ன அழகு. என் பாப்பாவுக்கு ஒண்ணு வேணும். எங்க கிடைக்கும்?'