பிறந்த இடம்: மானிப்பாய்

அனுப்புநர்:
சி. அம்பிகைபாகன்,
எழுதுவினைஞர்,
விவசாயப் பண்டக் களஞ்சியக் கூட்டுத்தாபனம்,
கண்டி.
(வதிவிடம்: ஜனாப் ஹாஷிம் அவர்களின் வீட்டு மேல்மாடி, கட்டுகஸ்தோட்டை)

பெறுநர்:
பிராந்திய முகாமையாளர்,
ஊழியர் நலன்புரிக் காப்புறுதி நிதியம்,
கண்டி.

விடயம்: எனது மகள் அ. துளசிகாவின் இருதய சத்திரசிகிச்சைக்கு உத்தரவாதக் கடிதம் மறுக்கப்பட்டமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்விடயமாக ஏற்கனவே மூன்று கடிதங்களைச் சிங்களத்தில் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என்னுடைய சிங்களம் அலுவலகச் சிங்களம்; "பணிவுடன் அறியத்தருகிறேன்" என்பதற்கு அப்பால் அதில் எனக்கு ஒன்றும் ஒழுங்காகச் சொல்ல வராது. ஆகவே இம்முறை தமிழில் எழுதி, சக ஊழியர் திரு. ராஜலிங்கம் செய்து தந்த சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன். மொழிபெயர்ப்பில் கோபம் தென்பட்டால் அது அவருடையதல்ல, என்னுடையது.

2. மகளுக்கு வயது எட்டு. கடந்த மார்ச் முதல் வாரம் பாடசாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவளுடைய இருதயத்தில் வேறொரு சத்தமும் கேட்பதாகச் சொன்னார்கள். அது துவாரம் என்று பின்னர் தெரிந்தது. எங்கள் மேல்மாடிக்குப் பதினாறு படிகள். எட்டாவது படியில் அவள் களைத்துக் குந்திவிடுவாள், உதடு நீலமாகிவிடும். அதுவரை நான் அவளைச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன். இதை மனுவில் எழுத வேண்டிய அவசியமில்லை என்பது தெரியும்.

3. இருதய நிபுணர் கொழும்பிலிருந்து சில சனிக்கிழமைகளில் மட்டும் கண்டிக்கு வருகிறார். அவரிடம் நம்பர் எடுப்பதற்கு முந்திய வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஆறேகாலுக்கு நம்பர் முடிந்துவிடும். அந்தப் பதினைந்து நிமிடமும் லைன் கிடைக்காது. மூன்றாம் வாரத்திலிருந்து நான் தொலைபேசியை நம்பாமல் விடிய முன்னமே போய் வைத்தியசாலை வாசலில் நின்று நம்பர் எடுத்தேன்.

ஏப்ரல் 4ஆம் திகதிக்குப் பதினோராம் நம்பர் கிடைத்தது. அன்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை பார்த்ததும் மற்றவர்கள் ஏறிப் போனார்கள். நானும் மனைவியும் பிள்ளையும் ஒன்றேகால் மணித்தியாலம் வெயிலில் நின்றோம். ஜனவரியில் கண்டியில் குண்டு வெடித்த பிறகு இது எங்களுக்குப் புதிதல்ல. அதைப் பற்றித் தங்களிடம் முறையிடவும் வரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருபத்துநாலாம் நம்பர் உள்ளே இருந்தது. வாசலில் நின்ற சந்திரிகா என்ற பணிப்பெண், தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளை, "நம்பர் தாண்டிப் போச்சுங்க சேர், நான் என்னாங்க செய்ய? அடுத்த தரம் வெள்ளனவே வந்துருங்க" என்றார். அந்தப் பிள்ளையில் குற்றமில்லை.

4. மே 16ஆம் திகதி நிபுணர் மகளைப் பார்த்தார். சத்திரசிகிச்சையை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்றார். அரசாங்க வைத்தியசாலைப் பட்டியலில் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். தனியார் வைத்தியசாலையில் ஜூன் 19ஆம் திகதி இடமிருக்கிறது. அதற்குத் தங்கள் நிதியத்தின் உத்தரவாதக் கடிதம் ஜூன் 12ஆம் திகதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போகும். அடுத்த இடம் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

5. தங்கள் கொடுப்பனவுப் பிரிவு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. காரணம்: காப்புறுதிப் படிவத்தில் பிள்ளையின் பிறந்த இடம் கண்டி, பிறப்புச் சான்றிதழில் மானிப்பாய். ஆகவே இவை இரண்டு பிள்ளைகளாக இருக்கலாம் என்று அப்பிரிவு கருதுகிறது. அதாவது, காப்புறுதி செய்யப்பட்ட பிள்ளைக்கு இருதய வருத்தமில்லை. வருத்தமுள்ள பிள்ளைக்குக் காப்புறுதியில்லை.

6. படிவத்தில் கண்டி என்று எழுதியது நான்தான். தட்டச்சுப் பிழை என்று சொல்லித் தப்பலாம் என்று சிலர் புத்தி சொன்னார்கள். அது பிழையல்ல, பொய்.

எங்கள் பகுதியில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். என் மனைவி பத்மாதேவி 1990 ஜனவரியில் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குப் போனார். ஏப்ரலில் பிள்ளை பிறந்தது. ஜூனில் சண்டை மறுபடியும் தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. லீவு கிடைத்தபோது பிரயாண அனுமதிப் பாஸ் கிடைக்கவில்லை, பாஸ் கிடைத்தபோது லீவு இல்லை. 1996இல் அவர்கள் வவுனியா வழியாக வந்து சேர்ந்தபோதுதான் மகளை நேரில் கண்டேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. என்னை "மாமா" என்று கூப்பிட்டாள்.

தங்கள் திட்டம் எங்கள் கூட்டுத்தாபனத்துக்கு வந்தது இவ்வருடம் பெப்ரவரியில். அந்த மாதம் என்னை இரண்டு தடவை பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விசாரித்து விட்டிருந்தார்கள். படிவத்தில் என்னுடைய பிறந்த இடத்தை யாழ்ப்பாணம் என்றே எழுதினேன். மகளுடைய கட்டத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. இந்தப் பிள்ளையாவது ஒரு கடதாசியிலாவது கண்டியில் பிறந்ததாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். அப்போது அவளுக்கு வருத்தம் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பொலிஸுக்குக் கொடுத்த வீட்டார் பட்டியலில் மானிப்பாய் என்று உண்மையாகவே எழுதியிருக்கிறேன். பயந்த இடத்தில் உண்மை சொல்லி, உதவி கிடைக்கும் இடத்தில் பொய் சொன்ன புத்திசாலி நான். விஷயம் தெரிந்ததும் மனைவி, "ஏன் உப்பிடி எழுதினனீங்கள்? நான் எங்க பெத்தனான் எண்டு எனக்குத் தெரியாதோ?" என்று கேட்டார்.

7. தவறைத் திருத்தும்படி கேட்டபோது, பிரிவு மூன்று ஆவணங்கள் கேட்டது.

சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் ஜனாப் ஹாஷிம் சாட்சியாகக் கையெழுத்திட்டார். "யார்ட புள்ளன்டு பாக்க கடதாசியா வேணும்? ரெண்டு பேர்ட மொகத்தயும் பாத்தா போதுமே" என்று அவர் சொன்னதை அதில் சேர்க்க சமாதான நீதவான் சம்மதிக்கவில்லை.

ஆறு மாதத்துக்குள் பெறப்பட்ட புதிய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். தபால் கப்பலில் போகிறது. கப்பல் எப்போது போகும் என்று தபாற்கந்தோருக்கே தெரியாது.

இரண்டு பிள்ளைகளும் ஒன்றே என்று நிபுணர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அதற்காக மறுபடியும் நம்பர் எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருதயத்தைப் பற்றி எழுதித் தரலாம், பிறந்த ஊரைப் பற்றி எழுத முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்.

8. ஆகவே தங்களிடம் வேண்டுவது: கையிலுள்ள மூலச் சான்றிதழையும் பொலிஸ் பதிவின் பிரதியையும் ஏற்று, பதிவைத் திருத்தி, உத்தரவாதக் கடிதத்தை ஜூன் 12ஆம் திகதிக்குள் தந்துதவ வேண்டும். பொய் எழுதியதற்குத் தண்டனை உண்டென்றால் மறுக்க மாட்டேன். விசாரணை வைக்கலாம், என்னைத் திட்டத்திலிருந்து நீக்கலாம். ஜூன் 19க்குப் பிறகு எந்த நாளிலும் வந்து கையெழுத்திடுகிறேன்.

9. ஒன்று மிச்சமிருக்கிறது. கடந்த சனிக்கிழமை வைத்தியசாலையில் அனுமதிப் படிவம் நிரப்பிய தாதி, மகளிடமே எங்கே பிறந்தாய் என்று கேட்டார். அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கண்டி என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ஐயா. வீட்டில் நாங்கள் கதைத்ததைக் கேட்டுத் தானாகவே படித்துவைத்திருக்கிறாள். தாதியிடம் திருத்திச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, இனி யார் கேட்டாலும் மானிப்பாய் என்றே சொல்ல வேண்டும், அதனால் ஒன்றும் நடக்காது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் நம்பினாளா தெரியாது. எனக்கே பயமாக இருக்கிறது. அவளுக்கு நான் சொன்னது மெய்யா பொய்யா என்பது இனித் தங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) சி. அம்பிகைபாகன்

இடம்: கண்டி
திகதி: 1998.06.01

இணைப்பு: பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் வீட்டார் பட்டியல் பிரதி, சத்தியக்கடதாசி, நிபுணரின் கடிதம், சிங்கள மொழிபெயர்ப்பு.