முரளியின் காலில் வைத்த மணிகள்

அன்புள்ள சேகர் அண்ணனுக்கு,

முதலில் உன் மகன் சேதி. முரளி நசரத்பேட்டை கிட்டே பைக்கிலிருந்து விழுந்து வலது கால் உடைந்தது. கம்பி வைத்தார்கள், புண் ஆறவில்லை. சீழ் எலும்பு வரை போய்விட்டது என்றார்கள். உனக்குச் சொன்ன அதே வார்த்தை.

நீ டாக்டர் சொல்வதைக் காதில் வாங்காத ஆள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். செத்த எலும்புக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு விழுங்குகிற மாத்திரையும் சரியாகப் போய்ச் சேராது. அதனால் கெட்டதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியிலேயே மருந்து கலந்த மணிகளை வைத்துத் தைத்துவிட்டார்கள். மிளகு அளவு, சுண்ணாம்பு நிறம். மருந்தை அங்கேயே விட்டுக்கொண்டு தானாகக் கரைந்துவிடுமாம். உன் காலத்திலும் இது இருந்ததா? இருந்தும் நமக்கு யாரும் சொல்லவில்லையா?

அவன் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கொரட்டூர் போனேன். மாடிக் கொடியில் கிழித்த வேட்டித் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே போய்ப் பார்த்தால், கட்டு வெள்ளையாகக் கசிந்து நனைந்திருக்கிறது. அண்ணி யாரிடமும் மூச்சு விடாமல் தானே துணி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"டாக்டராண்ட சொல்றதுக்கு இன்னா அண்ணி?" என்று கத்திவிட்டேன்.

"சொன்னா இவன் காலையும் எடுத்துருவாங்க தம்பி. அன்னைக்கு நாத்தம் அடிக்குதுன்னு நான்தான் போய் சொன்னேன். வாய மூடிக்கினு இருந்திருந்தா உங்கண்ணன் காலு இருந்திருக்கும்."

ஆட்டோ பிடித்து மூவரும் போனோம்.

டாக்டர் பார்த்துவிட்டு, "இது சீழ் இல்லம்மா, மணி கரையுற தண்ணி. சில பேருக்கு வரும். ஆனா சீழா தண்ணியான்னு பார்த்த உடனே உங்களுக்குத் தெரியாது. எது கசிஞ்சாலும் உடனே வந்துடணும்" என்றார். பரிசோதனையிலும் கிருமி இல்லை. இப்போது புண் மூடிவிட்டது. முரளி காலை ஊன்றி நிற்கிறான்.

அண்ணிக்குத்தான் நிம்மதி இல்லை. உன் காலை எடுக்கவைத்தது தன் வாய்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார். நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் ஒருமுறையாவது சொன்னாரா? அன்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால், விஷம் உடம்பெல்லாம் ஏறி அப்போதே போயிருப்பாய். ஒற்றைக் காலோடு முரளி கல்யாணத்தில் உட்கார்ந்து சிரித்தாயே, அது அண்ணி வாய் திறந்ததால் கிடைத்தது.

இனி போகும்போதெல்லாம் இதை அவரிடம் சொல்வேன், அண்ணா. அவர் நம்புகிற வரைக்கும் சொல்வேன்.

உன் கூடப்பிறந்த தம்பி,
ரவி