கத்திரிப்பூ நிற டிரங்குப் பெட்டி

சிகாகோ
மே 4

அன்புள்ள மகன் டெமெட்ரியஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் தங்கை மாயாவும் வெர்லீன் பெரியம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜப்பான் கடலில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, பத்திரமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கப்பல் கிளம்பிவிட்டால் போன் எடுக்காது, கடிதம் என்றால் எப்படியும் கைக்கு வந்துவிடும் என்று நீ சொன்னாய் அல்லவா, அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் எழுதுகிறேன். கடை நன்றாக ஓடுகிறது. இந்திய முடி விலை ஏறிவிட்டது, எனக்கு ஜனவரியிலேயே மூக்கில் வாசனை அடித்தது, வாங்கிப் போட்டுவிட்டேன். எதிர்க்கடைக்காரன் விலையை ஏற்றினான், நான் ஏற்றவில்லை, அவனுடைய வாடிக்கை பாதி இப்போது என் கடையில்தான் சவுரி வாங்குகிறது. பெரியம்மாவுக்கு ஜூனில் முழங்கால் அறுவை. டாக்டர் படியேறக் கூடாது என்றால் இவள் மாடிக்குப் போய்த் துணி காயப்போடுகிறாள், நீ ஒரு வார்த்தை கண்டித்து எழுது, நான் சொன்னால் சண்டைதான் வருகிறது.

மாயாவின் கல்லூரி விஷயம்தான் பெரிய செய்தி, அதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். போன அக்டோபரில் கிழக்கே இருக்கிற அந்தப் பெரிய கல்லூரி, நம்மைப் போன்ற கறுப்புப் பிள்ளைகள் வந்து இடத்தைப் பார்க்கட்டும் என்று விமானச் சீட்டு, தங்க அறை, சாப்பாடு எல்லாம் தன் செலவில் கொடுத்து அவளை அழைத்தது. நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை, அங்கே எது சம்பிரதாயம் எது நிஜம் என்று கேட்க ஆள் கிடையாது. நான் வியாபாரி. சரக்கைப் பார்ப்பதற்கே வண்டிக் கூலி கொடுத்து அழைக்கிறவன் வாங்காமல் அனுப்பமாட்டான், அதுதான் என் கணக்கு. பெரியம்மா கணக்கும் அதுவே. மாயா மட்டும், "அம்மா, கூப்பிட்டாங்கன்னா எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தமில்ல, என்னை மாதிரி ஒரு மண்டபம் நெறைய பிள்ளைங்க வந்திருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். பிள்ளைக்கு அடக்கம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நீ கல்லூரிக்குப் போகாமல் கடற்படைக்குப் போய்விட்டாய், உனக்கு டிரங்குப் பெட்டி விருந்து வைக்க முடியவில்லை என்று பெரியம்மாவுக்கு இன்றுவரை ஒரு குறை உண்டு. அந்தக் குறையை மாயாவிடம் தீர்த்துக்கொள்ள நினைத்தாள். ஊரெல்லாம் கோடையில், எந்தக் கல்லூரி என்று முடிவான பிறகு, போகிற பிள்ளையின் பெட்டியை ஜனங்கள் விடுதிச் சாமான் போட்டு நிறைக்க வைக்கிற விருந்து அது. இவளுக்கு ஜூனில் முழங்கால் அறுவை, அதனால் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமைக்கே சபை மண்டபத்தைப் பிடித்துவிட்டாள். பிப்ரவரியிலேயே அழைப்பும் போய்விட்டது, அழைப்பில் அந்தக் கல்லூரியின் பெயர், அதன் கொடியின் கத்திரிப்பூ நிறம். பெட்டிக்கும் அதே சாயம் அடித்து மூடியில் கல்லூரிப் பெயரைத் தன் கையாலேயே வெள்ளையில் எழுதினாள். சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் கத்திரிப்பூ நிறத் துண்டு, படுக்கை விரிப்பு, குளியல் செருப்பு என்று வாங்கத் தொடங்கிவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் சவுரியை விட்டுவிட்டு மாயாவைப் பற்றித்தான் பேசினார்கள். பாஸ்டர் ஹோலிஸ் பிரசங்க மேடையிலிருந்தே அவள் பேரைச் சொல்லிக் கைதட்ட வைத்தார். நானும் எழுந்து நின்று தட்டினேன்.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது, எடுக்கவில்லை. வருத்தத்தோடு தெரிவிக்கிறோம் என்று நாலு வரி. அதைப் படித்தபோது அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு எந்நேரமும் போன்தான். இந்த நாட்டுக் கறுப்புப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போனுக்குள்ளேயே ஒரு இடத்தில் கூடி யாருக்கு என்ன மார்க், யார் என்ன கட்டுரை எழுதினார்கள், எந்தக் கல்லூரி எடுத்தது, எது தள்ளியது என்று எழுதுகிறார்களாம். இவளைவிடக் குறைந்த மார்க்குக்கு ஒருத்திக்குக் கிடைத்திருக்கிறது, இவளைவிடக் கூடிய மார்க்குள்ள பையனுக்குக் கிடைக்கவில்லை, ஒன்றுக்கொன்று பொருத்தம் தெரியாமல் இவள் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வேறே. இவளுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தபோது, "ஒனக்கென்ன, ஒன் நெறத்துக்கே தருவாங்க" என்றவன், இது இல்லையென்றானதும், "நெறம் இருந்துமா கெடைக்கல?" என்று கேட்டிருக்கிறான். நான் அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பேன், இவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரன் ஒரு சரக்கை எடுப்பதும் விடுவதும் சரக்கின் தரத்தை மட்டும் பார்த்து இல்லை, அவன் அலமாரியில் எந்தத் தட்டு காலியாக இருக்கிறது என்று பார்த்துத்தான், கல்லூரிக்காரனும் அப்படித்தான் இருப்பான் என்றேன். என் முகத்தைப் பார்த்து, "நான் விக் இல்லம்மா" என்றாள். அவளை எடுத்துக்கொண்ட இடங்கள் மூன்று இருந்தன, ஒன்று மாநிலப் பல்கலைக்கழகம், மற்ற இரண்டும் தெற்கே நம் பிள்ளைகளுக்கென்றே தொடங்கின கறுப்புக் கல்லூரிகள். ஒரே விண்ணப்பத்தை நம் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் அனுப்பலாம் என்று யாரோ சொல்லி, இருக்கட்டும் என்று அனுப்பி வைத்தது. மே ஒன்றாம் தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி என்று சொல்ல வேண்டும். இவள் எதற்கும் சொல்லவில்லை. ஒருநாள் கடையில் பொம்மைத் தலைகளைத் துடைத்துக்கொண்டே, "இந்த வருஷம் நான் எங்கயும் போகலம்மா, ஒன்கூடவே கடைல நிக்கிறேன்" என்றாள். டெமெட்ரியஸ், வேறே தாய் யாராவது சந்தோஷப்பட்டிருப்பாள். மொத்த வியாபாரிகள் நம் ஆட்களுக்குச் சரக்குத் தரமாட்டோம் என்று கதவைச் சாத்தின காலத்தில் காரின் பின்பெட்டியில் முடியை வைத்து விற்றவள் நான். உங்கள் இரண்டு பேரையும் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது என்றுதானே அவ்வளவும். ஒரு வருடம் நின்றால் அப்புறம் பத்து வருடம் நிற்பாள், எனக்குத் தெரியாதா.

விருந்தை நிறுத்தலாம் என்றால் பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை, "ஜனங்க சாமான் வாங்கிட்டாங்கடி, கோழிக்கும் முன்பணம் குடுத்தாச்சு, பெட்டிய மூடு, வாயையும் மூடு, பொறவு கோடைல மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, போகாத சரக்கை நான் ஒருநாளும் கடை முகப்பில் வைத்ததில்லை. மாயா சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. வறுத்த கெளுத்தி மீனும் ஸ்பகெட்டியும் கோழி இறக்கையும், பாஸ்டர் வீட்டு ஹோலிஸ் அம்மா கொண்டுவந்த கேரமல் கேக்கும், எங்கே பார்த்தாலும் கத்திரிப்பூ நிறம். பெட்டியைத் திறக்கும் முன்னால் பிள்ளை எழுந்து எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும், ஜனங்கள் சத்தம் போட வேண்டும், அதுதானே வழக்கம். இவள் எழுந்தாள். நான் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். "பெட்டி மேல எழுதியிருக்கற கல்லூரியில என்னை எடுத்துக்கல" என்றாள். "போன்ல பாத்தா கெடைச்சவங்க மட்டுந்தான் குதிக்கிறாங்க, கெடைக்காதவங்க எல்லாம் எங்க போனாங்கன்னே தெரியல, அதனால நான் ரெண்டையும் சொல்றேன்" என்று தொடங்கி, எந்தெந்தக் கல்லூரி இல்லையென்றது, எது காத்திருக்கச் சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நம் சபை மிஸ் யூலா அப்படியே உட்கார்ந்தபடி, "அப்ப நான் வாங்குன கத்திரிப்பூத் துண்டுல என்னத்தத் தொடைக்கிறது பிள்ளே?" என்று கேட்டாள். பாஸ்டர்தான் முதலில் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. மாயாவும் சிரித்தாள், ஒரு மாதத்தில் முதல் தடவை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், சபைக் காரியம் பார்க்கிற டீக்கன் பிராக்டர் மகன் மார்க்கெல் எழுந்துவிட்டான். பொறியியலுக்குப் பெரிய இடத்தில் சேரப்போகிறான் என்று அவன் அம்மா என் கடையில் வந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "அம்மா, மன்னிச்சுக்க" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கேட்ட இடத்திலெல்லாம் இல்லையென்றுவிட்டார்கள், ஊர்க் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறேன் என்றான். டீக்கன் எழுந்துபோய் மகன் பக்கத்தில் நின்றார். அப்புறம் ஒரு பெண், அப்புறம் ஒரு பையன், கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் எழுந்து எழுந்து சொன்னார்கள். கிடைத்தது என்றால் கைதட்டல், இல்லையென்றாலும் கைதட்டல். நான் இத்தனை வருடம் கடையில் கேட்ட பெருமைப் பேச்சில் பாதி பொய் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

கடைசியில் மாயா, எடுத்துக்கொண்ட இடங்களைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று, ஏதோ மளிகைச் சாமான் படிப்பதுபோல மூன்றையும் சொன்னாள். மூன்றாவதாக, அந்தத் தெற்குக் கல்லூரிகளில் ஒன்றான அலபாமா கல்லூரிப் பேரைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து, "யார் வீடு?" என்று ஒரு சத்தம். நம் தெரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிற டெல்ஃபீன்தான். அவள் அங்கே படித்தவளாம், என்னிடம் இத்தனை வருடம் தலைமுடிக்கு வருகிறவள், எனக்கே தெரியாது. அங்கே படித்தவர்களில் ஒருவர் கேட்டால் மற்றவர்கள் "நம்ம வீடு" என்று பதில் சத்தம் போட வேண்டுமாம். மண்டபத்தில் வேறு யாருமில்லை பதில் சொல்ல. அவள் விடவில்லை, மறுபடியும் "யார் வீடு?" என்றாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மாயாவையே பார்த்து நின்றாள். மாயா முதலில் வாய்க்குள்தான் சொன்னாள். "கேக்கல" என்றாள் டெல்ஃபீன். அப்புறம் நம் பிள்ளை சொன்னது வெளியே தெருவுக்குக் கேட்டிருக்கும்.

விருந்து முடிகிறவரை இரண்டு பேரும் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டு எடுக்கிறவள்போலப் பக்கத்தில் போனேன், ஒட்டுக்கேட்கத்தான் போனேன். ஆய்வுக்கூடம் எப்படி, வேதியியலுக்கு யார், விடுதியில் தலை பின்ன ஆள் உண்டா என்றெல்லாம் மாயா கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கெழக்குக் கல்லூரிக்குப் போனேனே, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா ரெண்டு நாளும் சிரிச்சுச் சிரிச்சே எனக்குத் தாடை வலிச்சுப்போச்சு, வீட்ல அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க, அதச் சொல்லவே முடியல" என்றாள். கிடைத்திருந்தால் போயிருப்பாள், நன்றாகவும் படித்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நானும் பெரியம்மாவும் போட்ட ஆட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் வைக்கவில்லையே என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் வாடிக்கை நிற்கும்போதே போனை எடுத்து அலபாமாவுக்குச் சரி என்று அழுத்தினாள். "அழுத்திட்டேம்மா" என்று என் பக்கம் காட்டிவிட்டு, உடனே திரும்பி, "அக்கா, ஒங்களுக்கு முடி ஒண்ணாம் நம்பர் கறுப்பா, கொஞ்சம் மங்கலா?" என்று அடுத்தவளைக் கேட்டாள். எனக்குத்தான் எந்த நம்பரும் கண்ணில் தெரியவில்லை. உதவித்தொகை நல்லபடி வருகிறது, மீதியை நான் பார்த்துக்கொள்வேன், நீ உன் சம்பளத்திலிருந்து அனுப்புகிறேன் என்று தொடங்காதே, சேர்த்து வை. பெரியம்மா பெட்டி மூடியில் பழைய பேரைச் சுரண்டினாள், முழுதாகப் போகவில்லை, எழுத்தின் தழும்பு தெரிகிறது. புதிதாகச் சாயம் அடிக்கலாம் என்றால் மாயா வேண்டாமென்கிறாள். துண்டும் விரிப்பும் கொடுத்தவர்கள் மாற்றித் தருகிறோம் என்றார்கள், நான்தான் வேண்டாம் என்றேன், நிறம்தான் வேறே, துணி நல்ல துணி.

நேற்று கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று எழுதி ஒட்டிவிட்டேன். மாயா வெளியே நின்று அதைப் படித்துவிட்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது, தெருவுக்குத் தெரியாது என்று உள்ளே வந்து பேனாவை வாங்கிக்கொண்டு போய்ப் பெரிதாக எழுதி ஒட்டினாள்.

நீ போகிற தண்ணீரெல்லாம் உனக்கு அமைதியாக இருக்க வேண்டும், உன் கூட வேலை செய்கிற பிள்ளைகளையும் ஆண்டவர் காக்க வேண்டும், தினமும் உன் பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறோம். மறக்காமல் ஒன்று, மாயாவுக்கு எழுதும்போது போனது போகட்டும் என்று ஆறுதல் எழுதாதே, அவளுக்கு இப்போது அது வேண்டாம், வாழ்த்து மட்டும் எழுது. ஆகஸ்டில் விடுப்புக் கிடைக்குமா என்று இப்போதே உன் மேலதிகாரியைக் கேட்டு வை, அலபாமா வரைக்கும் வண்டி ஓட்ட ஆள் வேண்டும், பெரியம்மா தானும் வருவேன் என்று நிற்கிறாள்.

உன் பிரியமுள்ள அம்மா,
ரொவீனா