அப்பா பார்க்காத போட்டிகள்

பூசான்
அக்டோபர் 15, 2002

அன்பு மகன் பியொங்தேக்கு, அப்பா சொல்ல உன் தங்கை எழுதுவது. நானும் அவளும் நலம், கடையும் நலம். இந்தக் கடிதம் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் உன் கைக்கு வரும்போது உனக்குக் காய்ச்சலோ காயமோ எதுவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது. அறுவடைப் பண்டிகைக்கு உன் அம்மாவுக்குப் படையல் வைத்தோம், உன் பங்குக்கும் நானே விழுந்து வணங்கினேன், இன்னும் முட்டி வலிக்கிறது. முட்டைக்கோஸ் விலை ஏறிவிட்டதால் இந்த வருடம் கிம்ச்சி ஊறுகாய் குறைவாகத்தான் போடுவோம், ஆனாலும் உனக்கென்று ஒரு ஜாடி தனியாக இருக்கும். வலை இழுக்கும்போது கையுறையைக் கழற்றாதே. ஈரக் காலுறையோடு படுக்காதே.

இவ்வளவு சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார் அண்ணா. சூப் கேட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். “மிச்சத்த நீயே எதையாவது போட்டு நிரப்புடி, நீ தான் படிச்சவ” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா போன பிறகு பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான், என்னைப் படித்தவள் என்கிறார். நான் வாய் திறந்து பேசாதவள் என்பது உனக்குத் தெரியும். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வருகிறவள். ஆனால் போன மாதம் நீ எனக்கு மட்டும் என்று எழுதிய கடிதத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். வசந்தத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வரப் போவதில்லை, அங்கேயே வேறு கப்பலில் சேர்ந்துவிடுவேன், பெற்ற மகனை வழியனுப்பத் துறைமுகத்துக்குக்கூட வராத மனிதர் இருக்கும் வீட்டுக்கு எதற்கு வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். அப்பாவிடம் நான் அதைப் படித்துக் காட்டவில்லை. பையன் சுகமா என்று கேட்டார், சுகம் என்றேன்.

அண்ணா, இந்தத் தடவை ஆசிய விளையாட்டுப் போட்டி நம் ஊரிலேயே நடந்தது. தெரு முழுக்கக் கொடிகள். நம் கடையிலும் தொலைக்காட்சி காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. நம் வீட்டில் போட்டி பார்க்கிற விதம் உனக்கு மறந்திருக்காது. எண்பத்தெட்டில் சியோலில் ஒலிம்பிக் நடந்தபோது அப்பா உட்கார்ந்து பார்த்த குத்துச்சண்டைக்காரர்கள் எல்லோரும் தோற்றார்கள் என்றும், அவர் கழிவறைக்குப் போயிருந்தபோது மட்டும் ஒருவர் ஜெயித்தார் என்றும் அம்மா சொல்வாள். அப்போது எனக்கு மூன்று வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நம் ஆட்கள் இறுதிப் போட்டிக்கு வந்தால் அப்பா தானாகவே எழுந்து சந்துக்குப் போய்விடுவார். நீயும் அம்மாவும் உள்ளே கத்துவீர்கள், நான் நடுவில் ஓடி ஓடிச் சேதி சொல்வேன். என் குரல் உரக்க வந்ததெல்லாம் அந்த நாட்களில்தான். அப்பா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு “என்ன ஆச்சு, என்ன ஆச்சு?” என்பார். அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்கள் ஹேண்ட்பால் இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனபோது பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், நாம் தோற்றோம். நீதான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பக்கத்து மீன் உருண்டைக் கடை கும்ஜா அத்தை, “ஏன்யா, அந்தப் புள்ளைங்க நாலு வருசமா ஓடி ஓடி உழைச்சத நீ ஒரு தடவ எட்டிப் பாத்தே குலைச்சிட்டியே, டென்மார்க்காரன் உனக்கு மெடல் அனுப்புவான் பாரு” என்று தெரு கேட்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாம் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த சிட்னி ஒலிம்பிக் நினைவிருக்கிறதா? அம்மா புரண்டு படுக்க முடியாமல் சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தாள். தன் சின்னக் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அதில்தான் தொலைக்காட்சி பார்த்தாள். வட கொரியரும் தென் கொரியரும் ஒரே கொடியின் கீழே நடந்து வரப் போகிறார்கள் என்றதும் அப்பா வழக்கம்போல் செருப்பை மாட்டினார். அம்மா, “தொடக்க விழாவுல யாருய்யா தோக்கப் போறா? வந்து உக்காரு” என்றாள். நாம் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது அது ஒன்றுதான். எல்லோரும் இடது கையால் கொடி ஆட்டுகிறார்கள் என்று அம்மா கண்ணாடிக்குள் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்த அறையின் கதவை அப்பா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா உயிரோடு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து அவருக்கு அது விளையாட்டு இல்லை அண்ணா.

நீ கப்பல் ஏறிய அன்று அவர் வந்திருந்தார். இது உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன், உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியாது என்று புரிந்தது. கப்பல் திரும்பும்வரை கையசைத்துவிட்டு நான் வரும்போது, ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பாமலே “என்ன ஆச்சு?” என்றார். “நல்லபடியா கிளம்பிடுச்சுப்பா” என்றேன். “கையாட்டினானா?” என்றார். ஆட்டினான் என்றேன். “யாரையாச்சும் தேடினானா?” என்றார். பேருந்து வந்துவிட்டது என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது வீட்டில் இரண்டே பேர். ஒருவர் வெளியே நிற்க வேண்டும் என்றால் உள்ளே ஒருவர்தானே. நம் ஆள் ஜெயித்தால் நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது? எழுந்து சந்துக்குப் போய்ச் சொல்வேன், அவர் தலையாட்டுவார், திரும்பி வருவதற்குள் பதக்கம் கொடுத்து முடிந்திருக்கும். பல நாள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெங்காயம் உரித்தேன்.

நேற்று கடைசி நாள். மாரத்தான் நம் பெரிய சாலை வழியாகவே போனது. கும்ஜா அத்தை கடையைச் சாத்திவிட்டு எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அப்பா சாலைக்கு முதுகைக் காட்டி நின்றார். “உலகத்துலயே முதுகால மாரத்தான் பாக்குற ஒரே மனுசன் நீதான்யா” என்றாள் அத்தை. அவருக்கு எதிரே இருந்தது பூட்டியிருந்த மூக்குக்கண்ணாடிக் கடை. கூட்டம் கத்தத் தொடங்கியது, நம் ஓட்டக்காரர் வந்துவிட்டார், நான் அவரைப் பார்ப்பதா அப்பாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் திரும்பினேன். கடையின் பெரிய கண்ணாடியில் சாலை முழுவதும் தெரிந்தது. அப்பாவின் கண்கள் அதில் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போயின. அவர் பார்த்துவிட்டார். இனி நம் ஆள் தோற்றுவிடுவார் என்றே நினைத்தேன். கடைக்கு ஓடி வந்து தொலைக்காட்சியைப் போட்டேன். அண்ணா, தங்கம் நமக்குத்தான்.

சாயங்காலம் முழுக்கக் கடையில் இதே வழக்குதான். “கண்ணாடில பாத்தது பாத்ததுல சேருமா?” என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். சோஜு குடித்துக்கொண்டிருந்த ஒருவர், “சேராது பெரியவரே, கண்ணாடில ஓடினவன் எடக் கைக்காரன்” என்றார். “சேராதுன்னு எழுதிக் குடு, இவரக் கண்ணாடியோட அடுத்த ஒலிம்பிக்குக்கே அனுப்பிடலாம்” என்றாள் அத்தை. அப்பா தானும் சிரித்தார். எல்லோரும் போன பிறகு மேசை துடைத்துக்கொண்டே, “உங்கம்மா சிட்னியப் பாத்தா தானே?” என்றார். பார்த்தாள் என்றேன். அம்மாவின் கைக்கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தார்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். என்ன எழுதினாய் என்கிறார், விளையாட்டுச் சேதி என்றேன். இனி அவர் சொல்வது.

மகனே, உடம்பைப் பார்த்துக்கொள். பெரியவர்கள் சொல்வதைக் கேள், சின்னவர்களைத் திட்டாதே. எங்கே இருந்தாலும் உன் வலை கிழியாமல், உன் கால் வழுக்காமல் இருக்க என் ஆசி. வசந்தத்தில் கப்பல் வரும் தேதியைத் தங்கைக்கு எழுத மறக்காதே. இந்தத் தடவை நான் துறைமுகத்தில் முன்வரிசையிலேயே நிற்பேன், அம்மாவின் கண்ணாடியைக் கொண்டு வருவேன். நீ இறங்கும்போது என் முதுகுதான் தெரியும். கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடாதே. நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா,
தாக் மான்சு
(எழுதியவள் உன்சில்)