சாமி முதுகில் போடாத துளை

பாசக்கார அப்பா, பிடிவாதக்கார அப்பா,

நலமா என்று கேட்க மாட்டேன். கோபத்தில் இருக்கிறேன். குசினிச் சுவரிலிருந்து உங்கள் படத்தைக் கழற்றி என் அறை நாற்காலியில் வைத்திருக்கிறேன். நீங்கள் போனதும் அம்மாதான் அதை அங்கே மாட்டச் சொன்னார். "எனக்காக இழுத்துக் கட்டுன குசினி. பேச்சுத்துணைக்கு இங்கயே இருக்கட்டும்" என்றார்.

போன புதன்கிழமை இங்கே சுங்கை பினாங்கில் பேய் மழை. அம்மா குசினியில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் கட்டிய புதுச் சுவரிலிருந்து தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. அம்மா உப்பு எடுக்கத் திரும்பியிருந்தார். திரும்பாமல் இருந்திருந்தால்?

ஓடிப் போய்ப் பார்த்தேன். உங்கள் படம் மாட்டியிருந்த புதுச் சுவர் பழைய சுவரை விட்டு விலகி, அம்மா நிற்கும் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இடுக்கில் என் விரல் நுழைகிறது அப்பா!

சுவர் கட்டிய அன்றைக்கே கொத்தனார் மணி அங்கிள் சொன்னாரா இல்லையா? நான் பக்கத்தில்தான் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணே, பழைய சுவத்துல ஓட்டை போட்டு கம்பி சொருகணும். மறுமுனைய புதுச் செங்கல்லுக்கு நடுவுல சிமெண்டுல பொதைக்கணும். இல்லாட்டி ரெண்டு சுவரும் ஒண்ணா நிக்காது" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அந்தப் பக்கம் சாமி ரூம்புடா. முருகன் முதுகுல ஓட்டை போடுவியா நீ?"

அவரும் தலையை ஆட்டிவிட்டு, வெறும் சிமெண்டை அப்பி ஒட்டிவிட்டுப் போனார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். தெரிந்தவர் ஒரு தடவை சொன்னால் போதுமா? உங்களோடு சண்டை போட்டிருக்க வேண்டாமா? முருகனைக் கொஞ்ச நாள் கூடத்தில் வைத்திருந்தால் என்ன குடியா முழுகிப் போயிருக்கும்?

கெப்பாலா பத்தாஸிலிருந்து உங்கள் அருமை மகன் குமார் வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். "சும்மா பூசி விட்டா போதும்லா அக்கா. அப்பா தெவசத்துக்குச் சொந்தக்காரங்க வராங்க. அப்புறம் பாத்துக்கலாம். சாமி இருக்காரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெவசச் சோற நீ ஆக்குறியா? அந்தச் சுவத்துக்குக் கீழ நீ நிக்கிறியா?" என்று கத்தினேன்.

"அப்பா கட்டுனத ஒடைக்கச் சொல்ற. ஒனக்கு அப்பா மேல மரியாதையே இல்ல" என்றான்.

சுருக்கென்றது. அழுகையும் வந்தது, அவனை அறைய வேண்டும் போலவும் வந்தது.

அப்போதுதான் அம்மா எழுந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சாமி அறைக்குப் போனார். முருகன் படத்தை இறக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவர நான்தான் தொடைக்கிறேன். எறக்கி வைக்க எனக்குத் தெரியாதா? கோவிச்சாருன்னா நான் பேசிக்கிறேன். நீ ஆளக் கூப்புடு, தேவி" என்றார்.

உங்களிடம் அம்மா ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கிறாரா? பேச விட்டீர்களா?

நாளைக்கு வேலை தொடங்குகிறது. அதே மணி அங்கிள்தான். "இந்த வாட்டி யாரு தடுத்தாலும் கம்பி இல்லாம செங்கல் வைக்க மாட்டேன்" என்று அவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் சரி என்றேன். புதுச் சுவரை முழுசாக இறக்கிவிட்டுத் திரும்பக் கட்டுகிறோம். தெவசம் தள்ளிப் போகாது. பக்கத்து வீட்டில் சமைத்து, கூடத்தில் முருகனுக்கு முன்னால் உங்களுக்குப் படைப்போம்.

நீங்கள் இருந்திருந்தால் இதையெல்லாம் முகத்துக்கு நேரே கொட்டியிருப்பேன். நீங்களும் கத்திவிட்டு வெளியே போயிருப்பீர்கள், வரும்போது எனக்கு ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். இப்போது நான் யாரிடம் கத்துவது? படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

உங்களை அதே இடத்தில்தான் திரும்ப மாட்டுவேன், சத்தியம். ஒவ்வொரு கம்பியும் உள்ளே போவதை நான் நின்று பார்த்த பிறகு. அதுவரை நாற்காலியில் இருங்கள். அம்மாவின் தலைக்கு மேலே இருக்கிற எதுவும் இனி விழக் கூடாது. நீங்களும்தான்.

உங்கள் கோபத்தையும் பிடிவாதத்தையும் அப்படியே வாங்கிக்கொண்ட
மூத்த மகள்,
தேவி