நெசிபெலி கேட்ட பரிசு

டிசம்பர் 9, 1991. அல்மா-அடா

விடுதலைக்காக நாம் யாரோடு போராடினோம்? வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். மற்ற குடியரசுகள் ஒவ்வொன்றாக மாஸ்கோவிடமிருந்து விலகிவிட்டன; கசாக்குகள் நாங்கள் மட்டும் இன்னும் நிற்கிறோம். பாதி வாழ்க்கை வரலாறு கற்பித்துக் கழித்தவள் நான். தெரியாது என்றே சொன்னேன்.

போராடியவள் ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 12

மகள் தோர்கின் இன்றும் ஜன்னலைத் திறக்க விடவில்லை. மாஸ்கோ தன் ஆளை இங்கே தலைமைக்கு அனுப்பியபோது, அதை எதிர்த்து மாணவர்களோடு சதுக்கத்துக்குப் போனாள். போலீஸ்காரர்கள் தடியால் அடித்து, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே பனியில் இறக்கிவிட்டார்கள். பிறகு கல்லூரியிலிருந்தும் நீக்கினார்கள். ஐந்து குளிர்காலமாக வாசலைத் தாண்டவில்லை. இனித் தாண்டுவாளா? நம்பி நம்பி அலுத்துவிட்டது.

டிசம்பர் 14

ரொட்டி கிடைக்கவில்லை.

டிசம்பர் 16

மாலையில் மேல்மாடி நெசிபெலி கதவை உடைக்காத குறையாக வந்தாள். டிராம் ஓட்டுபவள், குரல் டிராம் மணியை மிஞ்சும்.

"சுயின்ஷி, அக்கா, சுயின்ஷி! ரேடியோவுல சொல்லிட்டான். நாம தனி நாடு!"

நல்ல செய்தி கொண்டுவருபவள் இப்படித்தான் பரிசு கேட்பாள். கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். சர்க்கரை டப்பாவை எடுத்தேன்.

"அதை நீயே வெச்சுக்கோ. நாளைக்குச் சதுக்கத்துல கூட்டம். உன் பொண்ணு என்கூட வரணும். அதான் எனக்குப் பரிசு."

"அது என் கையிலயா இருக்கு, நெசிபெலி?"

"அப்ப சேதியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடவா?"

உள்ளேயிருந்து தோர்கின்: "அம்மா, என் பூட்ஸ் எங்கே?"

எங்கே வைத்தேன்? ஐயோ, எங்க வெச்சேன் நான்? கடைசியில் கட்டிலுக்கடியில் கிடைத்தது. நம்பிவிடாதே — எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

டிசம்பர் 17

மூவரும் இறங்கினோம். தோர்கின் நடுவில். முற்றத்தைக் கடந்தாள். தெருவில்கூட நடந்தாள். முனையில் ஒரு போலீஸ்காரன். அதே சாம்பல் மேலங்கி, அதே தடி. பிள்ளை முகம். "நல்ல நாள்க்கா! சதுக்கத்துக்கா? நேராப் போங்க" என்று சிரித்தான்.

தோர்கின் நின்றுவிட்டாள்.

"பயப்படாதடி. இப்ப இவன் நம்ம ஆளு" என்றாள் நெசிபெலி.

"அன்னிக்கு என்னை லாரியில ஏத்தினவனும் கசாக்குலதான் திட்டினான்."

திரும்பி நடந்தாள். நானும் பின்னால் வந்தேன். நெசிபெலி மட்டும் போனாள். மாலையில் வந்து, நல்ல கூட்டம், பேச்சுதான் நீளம் என்றாள். தோர்கின் தன் அறைக் கதவைத் திறக்கவில்லை.